சீட்டு எழுதிக் கொடுத்தால் போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவர்களும் அவர்களோடு வேலை செய்கிறவர்களும் எழுதியவை. களப்பணி தொடங்கி இரண்டு மாதம் ஆனால் ஆண்டுதோறும் இப்படி வரும். முப்பத்தோரு ஆண்டுகள் மனநல சமூகப்பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பத்தொன்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கள மேற்பார்வையாளராகவும் இருந்தேன். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மனநலம் கற்க வேண்டும் என்றுதான் மருத்துவ, உளமருத்துவச் சமூகப்பணிப் பிரிவை எடுத்தேன். கல்லூரியிலோ என்னை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காலை முழுவதும் சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் வரிசையில் நிற்கிறேன். என் தோழிக்கு மனநல மருத்துவமனை கிடைத்திருக்கிறது. தினமும் புதிதாக ஏதாவது சொல்கிறாள். எனக்கு இந்த ஆண்டே வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அம்மா.
— முதலாண்டு மாணவி, திண்டுக்கல்

மகளே, உன் தோழி பார்ப்பது மருத்துவமனை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டவர்களை. நீ பார்ப்பது அங்கே போகவே போகாதவர்களை. 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை இருக்கிறார்கள் என்றது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? உன் வரிசையில்தான். பிரஷர் பார்க்கும் நாற்காலியில், புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில், மாத்திரை வாங்கும் ஜன்னலில்.

அவர்களில் யாரும் "மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சு படபடக்கிறது என்பார்கள். தலை பாரம், கை கால் ஓய்ச்சல், உடம்பெல்லாம் எரிச்சல், இரவில் ஒரே யோசனை என்பார்கள். ஜிம்பாப்வேயில் இதே துயரத்துக்கு "குஃபுங்கிசிசா" என்று பெயர். அதிகமாக யோசிப்பது என்றுதான் அதற்கும் பொருள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்தார். "யோசனை" என்று வந்தவர்களுக்கு அந்த பெஞ்சே சிகிச்சை அறையானது. நம் ஊரிலும் வியாதியின் பெயர் யோசனைதான்; அதைக் கேட்கிற காதுதான் இங்கே இல்லை.

நான் இதைக் கற்றது ஒரு தவறு செய்து. வேலைக்குச் சேர்ந்து நான்காம் ஆண்டு. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாதம் இருமுறை போய் வந்தேன். கடலைக்கொல்லையில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், பிரஷர் மாத்திரைக்கு வருவார். வரும்போதெல்லாம் உடம்பு எரிகிறது என்பார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மகன் கிணற்றில் விழுந்து இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அன்றிலிருந்துதான் எரிச்சல். நான் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். என் நோட்டில் "பரிந்துரை செய்யப்பட்டது" என்று குறித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து அதே அம்மா வரிசையில் நின்றார். புறநோயாளிச் சீட்டை எடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையும் ரேஷன் கடைத் துண்டும் விழுந்தன. கூடவே என் சீட்டும் விழுந்தது. எட்டாக மடித்தது. மடிப்புகளில் கிழிந்து, வியர்வையில் மை ஊறி, என் எழுத்து எனக்கே படிக்க முடியாதபடி இருந்தது. "ஏன் அம்மா போகவில்லை?" என்று கேட்டேன். "இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், அதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதில் என்னைப் பைத்தியம் என்று எழுதியிருக்கிறதா? எனக்குப் படிக்கத் தெரியாது. யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது?"

ஏழு மாதம் அந்தக் கேள்வியை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போயிருக்கிறார். அன்று முதல் நான் என் மாணவர்களிடம் சொல்லி வருவது ஒன்றுதான்: சீட்டு கொடுப்பது சிகிச்சை ஆகாது. உடம்புக்கு எங்கே மருந்து வாங்குகிறார்களோ, அங்கேயே, அதே நாளில், மனசுக்கும் வேண்டியது கிடைக்க வேண்டும். உன் பாடப்புத்தகம் இதைத்தான் "ஒருங்கிணைந்த சிகிச்சை" என்று சொல்கிறது.

வெறும் நல்லெண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 18 பொது மருத்துவ நிலையங்களில் மனச்சோர்வு கண்ட 1,801 முதியவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் நோய் பாதியாகக் குறைந்தது 19 விழுக்காட்டினருக்கு. அதே நிலையத்திலேயே ஒரு பணியாளர் தொடர்ந்து கவனித்து, மருத்துவரோடும் மனநல மருத்துவரோடும் பேசி நடத்திய பிரிவில் 45 விழுக்காட்டினருக்கு. இந்தியாவிலும் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் சென்னை உட்பட நான்கு நகரங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். 2020இல் வெளியான அந்த முடிவிலும், மனச்சோர்வு குறைந்து, கூடவே சர்க்கரை, பிரஷர், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் இப்படிக் கவனிக்கப்பட்ட பிரிவில்தான் அதிகம். அந்தப் பணியாளரின் நாற்காலிதான் உனக்குக் கிடைத்திருக்கிறது. விட்டுவிடாதே.

எங்கள் நிலையத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாணவிகள் வருகிறார்கள். நோயாளிகளிடம் ஒன்பது கேள்வி கேட்டு, மதிப்பெண் போட்டு, ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். போன மாதம் ஒரு பெண் கடைசிக் கேள்விக்கு "ஆமாம், தினமும் தோன்றுகிறது" என்று சொல்லியிருக்கிறாள். அதையும் எழுதிக்கொண்டு அந்த மாணவி மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தப் பயிற்சி யாருக்காக?
— கிராம சுகாதார செவிலியர், அரியலூர்

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பெண்ணைத் தேடிப் போனவர் நீங்கள் என்பது கடிதத்தின் மற்றப் பகுதியில் தெரிந்தது. உங்களுக்கு என் வணக்கம்.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மனச்சோர்வைக் கண்டறியும் பி.எச்.க்யூ–9 என்ற படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண், பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மற்ற எட்டையும் கூட்டல் போட்டுப் பார்த்தால் போதும். ஒன்பதாவதைக் கூட்டலோடு விட்டுவிடக் கூடாது. மொத்த மதிப்பெண் நான்காக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு "ஆமாம்" வந்துவிட்டால் மாணவி பேனாவை மூடிவைக்க வேண்டும். எப்படிச் செய்ய நினைத்தீர்கள், அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, இன்றைக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று நேராகக் கேட்க வேண்டும். நேராகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாரும் கேட்காத ஒன்றை ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பெரும்பாலோர் அழுதுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அன்றே மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும். வீட்டில் ஒருவரை அழைத்து, பூச்சி மருந்து டப்பாவும் எலி பேஸ்டும் எங்கே இருக்கின்றன என்று விசாரித்து, அவற்றை அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். விவசாய ஊர்களில் உயிரைக் காப்பாற்றுவது பல நேரம் இந்த டப்பா விசாரணைதான். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணும் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இரவிலும் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் முடிகிற வரைக்கும் மாணவி அங்கேயே இருக்க வேண்டும். மூன்று மணி பஸ் போனால் ஐந்து மணி பஸ்.

ஒரு குடும்பம் போலீசுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தால், பயம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

இன்னொன்றும் உங்கள் கடிதம் எனக்கு நினைவூட்டியது. ஏப்ரலில் தேர்வு வந்ததும் மாணவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஆறு மாதமாக மனம் திறந்து பேசிய நோயாளி, வெள்ளிக்கிழமை வந்து காலியான நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். கல்லூரிக்கு அது பருவ முடிவு. அந்த அம்மாவுக்கு அது இன்னுமோர் இழப்பு. மார்ச் முதல் வாரத்திலிருந்தே "நான் இத்தனாம் தேதியோடு போகிறேன், அதற்குப் பிறகு இவரிடம் பேசுங்கள்" என்று சொல்லி, செவிலியரிடமோ அடுத்த ஆண்டு மாணவரிடமோ ஆளோடு ஆளாக ஒப்படைக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் வையுங்கள் என்று எத்தனையோ பாடத்திட்டக் கூட்டங்களில் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குடிப்பழக்கம் பற்றிய பத்துக் கேள்விப் படிவத்தில் "ஒரு நாளைக்கு எத்தனை" என்று கேட்டால் எல்லோரும் "ஒன்று" என்கிறார்கள். மதிப்பெண் குறைவாகவே வருகிறது. ஆனால் மனைவிகள் அழுகிறார்கள். படிவம் நம் ஊருக்குப் பொருந்தாதா?
— இரண்டாமாண்டு மாணவர், கடலூர்

தம்பி, படிவம் பொருந்தும். "ஒன்று" என்றால் என்ன என்று நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் சொன்ன ஒன்று, ஒரு குவார்ட்டர். அதாவது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. கணக்குப் போடுங்கள்: 180 மில்லியில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் படிவம் பத்து கிராமை ஓர் அளவு என்கிறது. ஆக அவருடைய ஒன்று, படிவத்தின் ஆறு.

இப்போது மதிப்பெண்ணைப் பாருங்கள். தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்கு முதல் கேள்வியில், எத்தனை நாள் குடிக்கிறார் என்பதற்கு, 4. இரண்டாவதில் நீங்கள் "ஒன்று" என்று எழுதினால் 0. மூன்றாவதில், ஒரே தடவையில் ஆறு அளவு குடிப்பதுண்டா என்பதற்கும், 0. மொத்தம் 4. எட்டுக்குக் கீழே, கவலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். சரியாக எழுதினால் இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4. மூன்றே கேள்வியில் பத்து வந்துவிட்டது. மீதி ஏழு கேள்விகளைக் கேட்கும் முன்பே அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். ஒரு சொல்லை விசாரிக்காததால் ஒரு குடும்பம் கைநழுவிப் போகிறது.

ஆகவே பையில் ஒரு காலி குவார்ட்டர் பாட்டிலின் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதியா, முழுதா, இரண்டு பேர் பகிர்ந்ததா, காலையில் வேலைக்கு முன் ஒரு கட்டிங் உண்டா என்று காட்டிக் கேளுங்கள். குரலில் குற்றச்சாட்டு வேண்டாம். சாக்கடையில் இறங்கி வேலை செய்கிறவர், நடுராத்திரியில் மீன் இறக்குகிறவர் ஏன் குடிக்கிறார் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலில்தான் உங்கள் சமூகப்பணி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவரிடம் "இன்றோடு நிறுத்திவிடுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நீங்கள் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அப்படியே வெளியே நிற்கும் அவருடைய மனைவிக்கும் பிரஷர் பாருங்கள், தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.

சமூகப்பணித் துறையில் ஆறு ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன். மனநலம், பொது சுகாதாரம் இரண்டுக்கும் எங்களிடம் தாள்கள் இருக்கின்றன. ஆனால் சுகாதார நிலையத்துக்குப் போகும் மாணவர்கள் அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

ஐயா, தயவுசெய்து படிவத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் மாணவர் வெறுமனே பார்க்கட்டும். ஒரு நோயாளியோடு காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலிலிருந்து கிளம்பட்டும். எந்த பஸ், எவ்வளவு டிக்கெட், எத்தனை மணி நேரம் நின்றார், மருத்துவர் எத்தனை நிமிடம் பேசினார், மருந்தாளுநர் ஜன்னலில் என்ன சொன்னார், அது அவர் காதில் விழுந்ததா, வீட்டுக்குப் போய் மாத்திரையை எங்கே வைத்தார். இந்த ஒரு நாளை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி சாமி படத்துக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் பதினொன்றைக் கண்டுபிடித்தாள். வாங்குவது தவறியதே இல்லை, விழுங்கியதுதான் இல்லை. "நான் பிழைத்து யாருக்கு என்ன?" என்றாராம் அந்தத் தாத்தா. சர்க்கரை குறையவில்லையே என்று மருத்துவர் ஆறு மாதமாக மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இப்போது இதற்கு நல்ல வழி திறந்திருக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். அவர்களோடு மாணவர்களை அனுப்புங்கள். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அந்த அம்மாக்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முன் அவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும்.

அடுத்தது, மருத்துவரிடம் பேசக் கற்றுக்கொடுங்கள். நம் மாணவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். வெளியே எண்பது பேர் காத்திருக்க, உள்ளே போய் "சார், இந்த அம்மாவுக்கு நிறையக் குடும்பப் பிரச்சினை" என்கிறார்கள். மருத்துவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நான் இப்படிச் சொல்லப் பழக்குவேன்:

"47 வயது. மூன்று மாதமாகச் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் மாத்திரை போடுவதில்லை. கணவர் இறந்து ஆறு மாதம். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஒன்பது கேள்வியில் 16. சாகும் எண்ணம் கேட்டேன், இல்லை. வாரம் ஒருமுறை நான் பேசுகிறேன். மருந்து வேண்டுமா என்று நீங்கள் பார்க்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கிறார், அழைத்து வரட்டுமா?"

அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்ட எந்த மருத்துவரும் தலை நிமிராமல் இருந்ததில்லை. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். சீட்டு இல்லை, கையைப் பிடித்து அழைத்து வருவது. "இவர்தான் நான் சொன்ன டாக்டர்" என்று நோயாளியிடம் சொல்லி, இருவரையும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க வைத்துவிட்டு வெளியே வருவது. மாவட்ட மனநலத் திட்டக் குழு வரும் நாளிலும் இதையே செய்ய வேண்டும். அத்திட்டம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. மனநல மருத்துவர் வருகிற நாள் எது என்று தெரியாத மாணவரை நான் களத்துக்கு அனுப்பியதில்லை.

பேசும் சிகிச்சைக்கு மாணவர்கள் தகுதியானவர்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை செய்ய வைத்தார்கள். 2010இல் வந்த முடிவில், அரசு நிலையங்களில் நோயாளிகள் தேறியது தெளிவாகத் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் தொடர்ந்த மேற்பார்வை இருந்தது. நம் மாணவர்களுக்குக் குறைவது அதுதான்.

மனநோய் கண்ட என் தம்பியைத் திருச்சி அருகே குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கவைத்து, அம்மாவும் கூடவே இருந்து அழைத்து வந்தோம். வீட்டுக்கு வந்த பயிற்சி மாணவர் அதை மூடநம்பிக்கை என்று என் தாயாரிடமே சொல்லிவிட்டார். இப்போது அம்மா அவருக்குக் கதவைத் திறப்பதில்லை. மாத்திரையும் நின்றுவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், பெரம்பலூர்

அந்த மாணவர் செய்தது தவறு. அவர் சார்பில் நான் வருந்துகிறேன். உங்கள் தாயார் நாற்பத்தெட்டு நாள் ஈரத்துணியோடு தரையில் படுத்தது தன் பிள்ளைக்காக. அதை ஒரு சொல்லில் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை.

கோயிலையும் தர்காவையும் நான் எதிர்ப்பதில்லை. சங்கிலியை எதிர்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிரார்த்தனையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தாயாரிடம் நீங்களே பேசுங்கள். "சுவாமி மாத்திரை வேண்டாம் என்று சொன்னாரா?" என்று மெதுவாகக் கேளுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், மாலை விளக்கேற்றியதும் மாத்திரை, திருநீறு பூசியதும் தண்ணீர் என்று அந்த அம்மாவே முறை வைத்துக்கொண்டார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் மாத்திரை நின்று எத்தனை நாள் ஆகிறது என்பதை நாளையே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அளவில் நீங்களாகவே திரும்பத் தொடங்க வேண்டாம்.

என் மகள் எம்.எஸ்.டபிள்யூ. சேர வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?
— விவசாயி, தருமபுரி

கிடைக்கும் ஐயா. மருத்துவமனைகள், மறுவாழ்வு இல்லங்கள், போதை மீட்பு மையங்கள், பள்ளிகள், ஸ்கார்ஃப், பேன்யன் போன்ற தொண்டு அமைப்புகள் என்று இடங்கள் உண்டு. சட்டப்படி மனநல சமூகப்பணியாளர் என்று ஆக, முதுகலைக்குப் பிறகு இரண்டாண்டு உளமருத்துவச் சமூகப்பணி எம்.ஃபில். அல்லது அதற்கு இணையாக ஏற்கப்பட்ட தகுதி வேண்டும். சேரும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். பல வேலைகள் ஒப்பந்த வேலைகள், சம்பளம் குறைவு. இவ்வளவு பேர் சிகிச்சையில்லாமல் இருக்கும் நாட்டில் இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்காமல் இருப்பது பெரிய அநீதி என்பது என் உறுதியான கருத்து.

அம்மா, என் அப்பா குடித்து இறந்தார். நான் மலைக் கிராமத்திலிருந்து முதன்முதலில் கல்லூரிக்கு வந்தவள். களத்தில் ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் வீட்டுக் கதையையே கேட்கிறேன். விடுதிக்கு வந்தால் சாப்பிட முடியவில்லை. நான் இந்தப் படிப்புக்குத் தகுதியில்லாதவளா?
— இரண்டாமாண்டு மாணவி, திருவண்ணாமலை

தகுதியில்லாதவள் என்று உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால், அது பொய். அந்த வீடுகளில் உன்னிடம் மட்டும் கதவு திறப்பது ஏன் என்று யோசித்தாயா? நீ பேசும் தமிழ் அவர்கள் பேசும் தமிழ். கம்பஞ்சோறு கொடுத்தால் கூச்சமில்லாமல் சாப்பிடுகிறாய். "அவர் குடித்தால்தான் அப்படி, மற்றபடி நல்லவர்" என்ற வாக்கியத்தின் பாரம் உனக்குத் தெரியும். வசதியற்ற ஊர்களுக்கு அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே பயிற்சி பெற்று வர வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்தப் பாரத்தை நீ தனியாகச் சுமக்கும்படி விட்டது உனக்குப் பயிற்சி கொடுப்பவர்களின் குறை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் மேற்பார்வையாளர் உன்னோடு உட்கார வேண்டும். நோயாளி என்ன சொன்னார் என்பதோடு, அது உனக்குள் என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை பிற்பகலை இதற்கென்றே வைத்திருந்தேன். முதல் மாதம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவர் அழுவார், அதற்குப் பிறகு எல்லோரும் பேசுவார்கள். நாளைக்கே மேற்பார்வையாளரிடம் போய், "எனக்கு இந்த வேளை வேண்டும்" என்று கேள். குடி தொடர்பான வீடுகளைச் சில வாரம் வேறொருவர் பார்க்கட்டும் என்றும் கேட்கலாம். அது தோல்வி இல்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகாவிட்டால், நீ மற்றவர்களிடம் கேட்கும் ஒன்பது கேள்வியை உன்னிடமும் ஒருவர் கேட்கட்டும். தனியாக இருக்கும் இரவில் தாங்க முடியவில்லை என்றால் 14416ஐ அழை. அந்த எண் உனக்கும் உரியதுதான்.

எனக்கு மறுபடி எழுது. பத்திரிகைக்கு இல்லை, எனக்கு. அலுவலகத்தில் சேர்த்துவிடுவார்கள்.

நாளை மறுநாள் என் முதல் களப்பணி நாள். பையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?
— முதலாண்டு மாணவர், நாகப்பட்டினம்

தண்ணீர். மதியச் சாப்பாடு, முடிந்தால் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு. கோடு போடாத சின்ன நோட்டு. பெரிய ரெக்கார்டு நோட்டு வேண்டாம், அதைப் பார்த்ததும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நிலையத்தின் செவிலியர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் பெயர்களை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் மேற்பார்வையாளரின் எண், மனநலக் குழு வரும் நாள். மாவட்ட மருத்துவமனைக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும், இறங்கியதும் எந்த வாசல், எத்தனையாவது அறை என்பதை நீங்களே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். யாரையாவது அங்கே அனுப்ப வேண்டி வந்தால், அந்த பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் நீங்களும் உட்காருங்கள்.